மலக்கி ருவேன் சொன்ன பொய்

மலக்கி ருவேனுக்கு அறுபத்தொரு வயது. அதில் இருபத்து நான்கு வருஷம் சுற்றுலாப் பேருந்தின் ஸ்டியரிங் முன்னால் போயிற்று. டப்ளினில் நாற்பது பேரை ஏற்றினால், மேற்குக் கடற்கரையெல்லாம் சுற்றி ஏழாம் நாள் அதே இடத்தில் இறக்கி விடும் வரை அவர்தான் ஓட்டுநர், அவர்தான் வழிகாட்டி, சாயங்காலமானால் அவர்தான் பாட்டுக்காரர். மழை பெய்தால் மழையைப் பற்றிச் சொல்வார். நின்றால், மறுபடி எப்போது பெய்யும் என்று சொல்வார். சாலையில் ஆடு குறுக்கே வந்தால், அந்த ஆட்டுக்காரனுடைய தாத்தா எந்த வேலிக்காக யாரோடு சண்டை போட்டார் என்பது வரைக்கும் பேச்சு போகும்.

இந்த வசந்தத்தில் அவர் வாயிலிருந்து மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள்.

பிடுங்கினார்கள் என்பது மலக்கியின் சொல். அலுவலகத்தில் சொன்னது வேறு. "ரெண்டு வேலையும் ஒரே ஆள் பாக்குறது பாதுகாப்பு இல்ல மலக்கி. நீங்க ரோட்டப் பாருங்க, பேசறதுக்கு ஒரு ஆளப் போட்டிருக்கோம். இந்த சீசன் எப்படிப் போகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்."

போட்ட ஆள் ஃபிண்டன் டெவேன். முப்பத்தெட்டு வயது, நாடகத்தில் நடித்தவன், நல்ல குரல், நல்ல பல். அதையெல்லாம்கூட மன்னித்துவிடலாம். கெர்ரிக்காரன் என்பதை எப்படி மன்னிப்பது? மலக்கி மேயோ மாவட்டத்துக்காரர். கெர்ரி வருஷம் விட்டு வருஷம் கால்பந்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. மேயோ அதைக் கடைசியாகத் தொட்டபோது மலக்கி பிறக்கவேயில்லை. "எந்த ஊரு?" என்று கேட்டால், "மேயோ, கடவுள்தான் காப்பாத்தணும்" என்று சொல்லியே பழகிய ஜனம் அது. அந்த மேயோவின் மலைகளைப் பற்றி, மேயோக்காரன் ஓட்டும் வண்டியில், ஒரு கெர்ரிக்காரன் உட்கார்ந்து பேசுகிறான். இவர் வாயை மூடிக்கொண்டு கியர் மாற்றுகிறார்.

மோசமானது அந்தக் கண்ணாடிதான். ஓட்டுநருக்கு மேலே, உள்ளே பார்க்க வைத்திருக்கும் நீளக் கண்ணாடி. முன்பெல்லாம் மலக்கி அதில் பார்த்தால் நாற்பது ஜோடிக் கண்ணும் அவரைப் பார்க்கும். இப்போது நாற்பது தலையும் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது, வாசலோரத்து மடக்கு இருக்கையில் ஃபிண்டன் உட்கார்ந்திருக்கும் பக்கம். அவன் சொல்வது அத்தனையும் மலக்கிக்குத் தெரிந்த கதை. எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலை இறக்க வேண்டும் என்று அவன் செய்கிறபோது மட்டும் புதிதாக இருந்தது. ஜனங்கள் சிரித்தார்கள். தன் கதைக்கு இப்படிச் சிரித்ததில்லை என்பது மலக்கிக்குத் தெரியும். அதுதான் அடிவயிற்றில் போய்ச் சுட்டது.

வீட்டுக்கு வருகிற நாளெல்லாம் மனைவி ஊனாவிடம் புலம்பல்தான்.

"நேத்து அவன் மூடுபனியப் பத்தி கால் மணி நேரம் பேசினான் ஊனா. ஒண்ணுமே தெரியல வெளியில. மூடுபனி மட்டும்தான். அதுக்குக் கைதட்டுறாங்க."

"நல்லாப் பேசினானா?"

"அது இல்ல விஷயம்."

"நல்லாப் பேசிருக்கான் போல." ஊனா தேநீரை அவர் பக்கம் தள்ளினாள். "மலக்கி, உனக்கு அந்தப் பையன் மேல கோவம் இல்ல. அவன் மாதிரி உனக்கு வரலைன்னு கோவம். முட்டை ஆறுது, சாப்பிடு."

இதைவிட அவள் ஒரு அறை கொடுத்திருக்கலாம்.

இதில் கொடுமை, ஃபிண்டன் நல்லவனாக வேறு இருந்தான். ஒவ்வொரு சாயங்காலமும் விடுதியில் நோட்டுப்புத்தகத்தோடு வந்து எதிரே உட்காருவான். "மலக்கி, நான் வெளியூர்க்காரன். எனக்கு எங்க கெர்ரி தவிர ஒண்ணும் தெரியாது. ஒரு கதை குடுங்க." மலக்கியும் கொடுத்தார். கொடுக்காவிட்டால் கஞ்சன் என்று ஆகிவிடுமே. பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுத்தார். மறுநாள் காலை அதே கதை மைக்கில் மெருகேறி வரும்.

ஒன்றை மட்டும் கொடுக்கவில்லை. மேயோவில் கோர்ட்னமாய்ல் என்ற இடத்தில் சாலை வளையும்போது, இடது பக்கம் கூரை இல்லாமல் இரண்டு சுவர் நிற்கும். பாட் மெல்லட் என்பவரின் வீடு அது. அந்த வீட்டின் கதை ருவேன் குடும்பத்துக் கதை. மலக்கியின் அப்பா அடுப்பு முன்னால் உட்கார்ந்து சொன்னது. அதை வண்டியில் அவர் எப்போதாவதுதான், நல்ல ஜனமாக இருந்தால்தான் சொல்வார்.

ஆகஸ்டில் ஒரு நாள் ஃபிண்டன் கேட்டான். "நாளைக்கு கோர்ட்னமாய்ல் வழியாத்தான் போறோம். அந்த வளைவுல ஒரு பாழடைஞ்ச வீடு இருக்கே. நீங்க ஒவ்வொரு தடவையும் அங்க வண்டிய மெதுவாக்குறீங்க. என்ன கதை அது?"

மலக்கி ஒரு கணம் அவனைப் பார்த்தார். இதையுமா எடுத்துக்கொள்ளப் போகிறாய் பாவி என்று நினைத்தார். அப்புறம் கதையைத் தலைகீழாகப் புரட்டிச் சொன்னார்.

"மெல்லட்னு ஒருத்தன். நிலம் பிடிச்சவன்."

மேயோவில் ஒருவனைத் திருடன் என்று சொன்னாலும் அடுத்த தலைமுறை மறந்துவிடும். நிலம் பிடித்தவன் என்றால் மறக்காது. வாடகை கட்ட முடியாத குடும்பத்தைப் பண்ணையார் வெளியே தள்ளிவிட்டால், அந்த நிலத்தை ஊரில் எவனும் தொடக்கூடாது என்பது அந்தக் காலத்துக் கட்டுப்பாடு. தொட்டவனுக்குக் கடையில் உப்பு கிடையாது. கோயிலில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். நூற்று நாற்பது வருஷம் கழிந்தும் அவன் பேரன் பேத்தியைச் சாடையாகக் குத்திக் காட்டுவார்கள்.

மலக்கி கணக்குப் போடாமல் இதைச் செய்யவில்லை. வளைவைத் தாண்டி இரண்டு மைலில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தும் பப் இருக்கிறது. அதன் சொந்தக்காரி ஹோனர் பாடன், பிறந்த வீட்டில் மெல்லட். அவள் வாய்க்குப் பயந்து பாதிரியாரே எதிர்ச் சாலையில் நடப்பார். நாற்பது பேர் சூப்புக்கு முன்னால் உட்கார்ந்து, "பக்கத்துல ஒரு துரோகியோட வீடு பாத்தோம்" என்று அவளிடமே சொல்லட்டும். கெர்ரிக்காரனை அவள் தோலை உரித்து வாசலில் காயப் போடுவாள். அலுவலகத்துக்குப் போன் போகும். உள்ளூர் தெரிந்த ஆளிடமே மைக் திரும்பி வரும். அன்று இரவு மலக்கி நன்றாகத் தூங்கினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மறுநாள் தூறல். எதிரே வந்த டிராக்டர்காரனுக்கு ஊர் வழக்கப்படி வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிவிட்டு, மலக்கி வளைவில் வண்டியை மெதுவாக்கினார். கேட்காமலே மெதுவாக்கினார்.

ஃபிண்டன் மைக்கை எடுத்தான். "இடது பக்கம் பாருங்க. ரெண்டு சுவர், நடுவுல ஒரு முள்ளுமரம். அந்த வீட்டுல பாட் மெல்லட்னு ஒருத்தன் இருந்தான். அவன் பக்கத்து வீட்டுல அஞ்சு பிள்ளைங்க. ஒரு ஜனவரி மாசம், அந்த அஞ்சையும் பண்ணையார் மழையில நிறுத்துனாரு. மெல்லட் என்ன பண்ணான் தெரியுமா? கதவச் சாத்திக்கிட்டான். மறுநாள் போயி அவங்க நிலத்துக்குக் கைநாட்டு வச்சான்."

நன்றாகச் சொன்னான், சனியன். வண்டியில் ஒரு முனகல் எழுந்தது. மலக்கிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. ஓடட்டும், ஓடட்டும், இன்னும் இரண்டே மைல்.

"வண்டிய நிறுத்துங்க" என்றது ஒரு குரல்.

மூன்றாவது வரிசையில் மிசஸ் கோவாக் எழுந்து நின்றிருந்தாள். அமெரிக்காவில் கிளீவ்லாந்துக்காரி, எழுபத்தைந்து வயது, ஆறு நாளாக யாரோடும் அதிகம் பேசாதவள். முதல் நாள் ஃபிண்டன் எல்லோரையும் போல அவளையும் கேட்டான், உங்க ஆளுங்க எந்த ஊர் என்று. "என் வீட்டுக்காரரு ஸ்லோவாக்கியா" என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு மலக்கியிடம் தனியாக வந்து கேட்டாள், கோர்ட்னமாய்ல் வழியாகப் போவோமா என்று. போவோம் என்றார். ஏன் என்று கேட்கவில்லை. பழைய மலக்கியாக இருந்தால் அவள் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் வரைக்கும் தோண்டி எடுத்திருப்பார். அன்றைக்கு அவர் கண் ஃபிண்டனைச் சுற்றி நின்ற கும்பலின் மேல் இருந்தது.

வயல் கதவோரம் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார்.

"அது என் கொள்ளுத்தாத்தா" என்றாள் மிசஸ் கோவாக். கையில் மூடி போட்ட ஒரு காலி ஜாம் பாட்டில். "எங்க அண்ணனால பயணம் பண்ண முடியாது. ஆஸ்பத்திரியில இருக்காரு. அந்த வீட்டு மண்ணு ஒரு பிடி கொண்டுட்டு வான்னாரு. நல்ல மனுஷன்னுதான் எங்களுக்குச் சொல்லி வளத்தாங்க." பாட்டிலைக் கைப்பைக்குள் திரும்ப வைத்தாள். "பரவால்ல. போங்க. எனக்கு இறங்க வேண்டாம்."

ஃபிண்டனின் முகம் சுண்ணாம்பாகிவிட்டது. அவன் மலக்கியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. திரும்பி, இவர்தான் சொன்னார் என்று கையைக் காட்டியிருந்தால் மலக்கிக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். "மன்னிச்சிருங்கம்மா, தப்பு என்னோடதுதான்" என்று மட்டும் சொன்னான்.

மேயோவில் யாருக்கு யார் உறவு என்று ஆடு மாடு வரைக்கும் மனப்பாடமாக வைத்திருந்த மனுஷன், மேயோவை விட்டுப் போனவர்களை மறந்துபோனார். மேயோவில் இருப்பவர்களைவிட அவர்கள்தானே அதிகம்!

மலக்கி என்ஜினை அணைத்தார். பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு எழுந்தார்.

"அத இங்க குடு" என்று ஃபிண்டனிடம் கை நீட்டினார்.

நாலு மாதமாக அவர் கனவில் வந்த மைக் அது. கைக்கு வந்தது. நாற்பது ஜோடிக் கண்ணும் அவரைப் பார்த்தன.

"நான் மலக்கி ருவேன். இந்தக் கதைய இவனுக்குச் சொன்னது நான். அது பொய்." "அஞ்சு பிள்ளைங்கள மழையில நிறுத்துனது நிஜம். கதவச் சாத்தல மெல்லட். அஞ்சையும் உள்ள கூட்டிட்டுப் போயி அடுப்புக்கு முன்னாடி படுக்க வச்சாரு. பண்ணையார் ஆளு வந்து, அந்த நிலத்த நீ எடுத்துக்கோ, ஒரு வருஷம் வாடகை வேண்டாம்னான். மாட்டேன்னாரு. அப்ப உன் வீட்டையும் காலி பண்ணுன்னான். பண்ணாரு. அவர் அமெரிக்கா கப்பலுக்குப் போற அன்னிக்கு ஊரே ரயில் ஸ்டேஷன் வரைக்கும் கூட நடந்துச்சு. அந்த அஞ்சு பிள்ளைல மூத்தவன் அவரோட பெட்டியத் தூக்கிட்டுப் போனான்." நிறுத்தினார். குரலை இறக்க வேண்டும் என்று இறக்கவில்லை, தானாக இறங்கியது. "அந்தப் பையன் பேரு ருவேன். என் தாத்தாவோட அப்பா."



மிசஸ் கோவாக் கேட்டாள். "அப்புறம் ஏன் அப்படிச் சொன்னீங்க?"

மலக்கியின் வாயில் நாலைந்து காரணம் வந்து போயிற்று. "பொறாமை" என்றார். "இவன் என்னைவிட நல்லாப் பேசுறான்."

அவள் மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கைப்பையைத் திறந்து ஜாம் பாட்டிலை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"மண்ண நீங்களே எடுத்துட்டு வாங்க. சுவருக்கு உள்ள இருந்து. அடுப்பு இருந்த எடத்துல."

நாற்பது பேர் ஜன்னல் வழியாகப் பார்க்க, அறுபத்தொரு வயது மனுஷன் வேலியேறிக் குதித்து, காஞ்சொறிச் செடிக்குள் நடந்து, முட்டி போட்டு, விரலால் தோண்டி, பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார். கையெல்லாம் தடிப்பு தடிப்பாக வீங்கியிருந்தது. அவள் வாங்கி மூடியைத் திருகினாள். பிறகு அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, வயல் கதவு வழியாக அவரோடு அந்தச் சுவர் வரைக்கும் தானும் போய் வந்தாள்.

பப்பில் மலக்கி சூப்பைத் தொடவில்லை. ஃபிண்டன் வந்து எதிரே உட்கார்ந்தான். திட்டுவான் என்று எதிர்பார்த்தார். திட்டியிருந்தால் கெர்ரிக்காரன் புத்தி என்று ஆறுதல் பட்டுக்கொண்டிருக்கலாம்.

"இன்னிக்கு நீங்க சொன்ன மாதிரி நான் ஒரு நாளும் சொன்னதில்ல" என்றான். "இருந்தாலும் ஒண்ணு கேக்கணும். நீங்க எனக்கு ஒரு கதை பாக்கி வச்சிருக்கீங்க. இத நான் எடுத்துக்கவா? முழுசா. நீங்க சொன்ன பொய்யையும் சேத்து."

மாட்டேன் என்று சொல்ல மலக்கிக்கு இனி எந்த வாய் இருக்கிறது?

அடுத்த வாரம் வேறு நாற்பது பேர். அதே வளைவு. மலக்கி ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டார். ஃபிண்டன் ஆரம்பித்தான். மழையில் நின்ற பிள்ளைகள், அடுப்பு, கப்பல், பெட்டி தூக்கின பையன், ஜாம் பாட்டிலோடு வந்த கிழவி, பொறாமை பிடித்த ஒரு டிரைவர். டிரைவர் காஞ்சொறியில் முட்டி போட்ட இடத்தில் வண்டியே குலுங்கச் சிரித்தார்கள். அடுத்த வரியில் மூக்கை உறிஞ்சினார்கள்.

"அந்த டிரைவரோட பேரு மலக்கி ருவேன்" என்றான் ஃபிண்டன். "இப்ப உங்கள ஓட்டிட்டுப் போறது அவருதான்."

கண்ணாடியில் நாற்பது ஜோடிக் கண்ணும் திரும்பி மலக்கியைப் பார்த்தன. கைதட்டினார்கள். மலக்கி ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார்.

அவர் வாழ்க்கையையே அவரைவிட நன்றாகச் சொல்லிவிட்டான். வயிறு எரிந்தது. வண்டியை மூன்றாவது கியரில் போட்டார்.