ஆமை என்று எழுதக் கூடாத குடியிருப்பு

வீடு கட்டும் இடத்தில் ஆமைகளைக் காக்கும் உத்தியோகம் என்பது, பெண் வீட்டாரும் மாப்பிள்ளை வீட்டாரும் 'நம்மவர் அல்லர்' என்று ஒதுக்கிய ஒருவர் கலியாணப் பந்தியில் இலை தேடி நிற்பதைப் போன்றது. கட்டடக்காரர்களுக்கு நாம் வேலையைத் தடுப்பவர். குடிவருவோருக்கு வீட்டைத் தாமதப்படுத்துபவர். ஆமைகளுக்கோ நாம் யாரென்றே தெரியாது. பிறர் கேட்க விரும்பாத ஒன்றை எடுத்துச் சொல்வதற்கென்றே சம்பளம் வாங்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நான் சிதம்பரத்தில் ஒரு தனிப்பயிற்சிக் கல்லூரியில் இலக்கணம் நடத்திக்கொண்டிருந்தவள். ஆழிப்பேரலைக்குப் பிறகு, கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடைப்பட்ட கடற்கரையில், வீடிழந்த மீனவர்களுக்காக ஒரு தொண்டு நிறுவனம் குடியிருப்புக் கட்டத் தொடங்கியது. அதன் முன்னாலிருந்த மணல்மேட்டில் தை முதல் பங்குனி வரை கடலாமைகள் ஏறிவந்து முட்டையிடும். அருகிவரும் உயிர், ஆகவே அதற்கென ஓர் ஆளை நியமித்தார்கள். அறிவிப்புகளைப் பிழையின்றி எழுதவும் மக்களோடு பேசவும் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்றார்கள். எழுத எனக்குத் தெரியும். பேச அங்கே போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

பலகை

நான் முதன்முதலில் எழுதுவித்த பலகை இது: 'இவ்விடத்தில் ஆமைகள் முட்டையிடும். மணலை அள்ளாதீர்.' ஓவியரின் அருகிலேயே நின்று, புள்ளி ஒவ்வொன்றையும் சரிபார்த்து வாங்கினேன். மறுநாள் காலையில் 'ஆமைகள்' என்னும் சொல்லின்மீது மட்டும் சுண்ணாம்பு பூசியிருந்தது. மீண்டும் எழுதுவித்தேன், மீண்டும் பூசப்பட்டது. பக்கத்துச் சொற்களின்மேல் ஒரு துளிகூடச் சிந்தவில்லை. வேலை தெரிந்த கை.

அந்தக் கை மேஸ்திரி ஏழுமலையுடையது. அவர் மறைக்கவும் இல்லை. ஆமை வீட்டுக்கு வந்தால் குடும்பம் விளங்காது என்று அந்தப் பக்கத்தில் ஓர் அச்சம் உண்டு. கடலில் அதற்கு மரியாதைக்குக் குறைவில்லை. வலையில் சிக்கினால் கும்பிட்டு விட்டுவிடுவார்கள். கரையில் மட்டும் அதன் பெயரை வாயால் சொல்லமாட்டார்கள், 'அவுங்க' என்பார்கள். அப்படிப்பட்டவர்கள் குடிவரப்போகும் இடத்தின் நுழைவாயிலில் நான் அந்தப் பெயரைக் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தேன். யோசித்தால் இலக்கணமும் அவர்கள் பக்கமே நின்றது. வினையின் வேரோடு 'ஆமை' வந்து சேர்ந்தால் அந்த வினை நடவாமற்போகும்: உண்ணாமை, காணாமை, வாராமை. ஆயினும் அஃறிணை உயிரை 'அவர்கள்' என்று எழுத எனக்குக் கை வராது என்று சொன்னேன். மேஸ்திரி வெற்றிலையை ஓரத்துக்குத் தள்ளிவிட்டுச் சொன்னார்:

"கை வரலன்னா வுடுங்க டீச்சர், சுண்ணாம்பு எங்கிட்ட ஜாஸ்தியாவே கெடக்குது."

மாநாடு

தோற்றேன். 'இங்கு அவர்கள் வருவார்கள். மணலை அள்ளாதீர்' என்று புதிய பலகை எழுந்தது. என் கையால் அறிந்தே எழுதிய முதல் திணை வழு அது. உவப்பினாலோ உயர்வினாலோ அஃறிணையை உயர்திணையாகச் சொன்னால் இலக்கணம் மன்னித்துவிடும், அதற்கு வழுவமைதி என்று பெயர், என என்னையே தேற்றிக்கொண்டேன். சுண்ணாம்பு பூசுவது நின்றது. மணல் அள்ளுவதும் பெருமளவு நின்றது.

சென்னையிலிருந்து மேற்பார்வைக்கு வந்த எங்கள் நிறுவன மேலாளர் ஜீப்பை நிறுத்தச் சொல்லி, இறங்காமலே பலகையை இருமுறை படித்தார். பிறகு என்னை அழைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"எந்தக் கட்சிக்கு மேடம் நம்ம எடத்துல மாநாடு போட பர்மிஷன் குடுத்தீங்க?"

பிரசவ வார்டு

கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி தோண்டும்போது மண்வெட்டியின் நுனியில் முட்டை தென்பட்டது. வேலையாட்கள் ஒதுங்கி நின்றார்கள். பொறியாளர் சேகர் விழுப்புரத்துக்காரர், நல்ல பிள்ளை. வரைபடத்தில் உள்ளது தரையில் அப்படியே அமைய வேண்டும் என்னும் ஒரு பற்று அவருக்கு உண்டு. அந்தப் பற்று எனக்கும் உண்டு என்பதால், அவரோடு வாதாடுவது கண்ணாடியோடு சண்டையிடுவதைப் போலிருந்தது. வெயில் சாயும்வரை வாதாடினோம். முடிவில் தொட்டி வீட்டின் பின்பக்கத்துக்கு நகர்ந்தது. முட்டைகளைச் சுற்றிச் சவுக்குக் கழி நட்டுப் பழைய வலையைக் கட்டினோம். கடைசிக் கழியைத் தம் கையாலேயே அடித்து இறக்கிவிட்டு, சேகர் வரைபடத்தை என் முகத்துக்கு நேரே பிரித்துப் பிடித்தார்:

"ஹால் இருக்கு, கிச்சன் இருக்கு, டாய்லெட் இருக்கு, பிரசவ வார்டு எங்க மேடம் இருக்கு, காட்டுங்க?"

சிவப்புத் தாள்

வீடுகள் கட்டி முடிந்து மக்கள் குடிவந்த பின்னர்தான் மெய்யான தொல்லை தொடங்கியது. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து செல்லும். இருட்டிய கரையில் வெளிச்சமாக இருப்பது கடல் ஒன்றே. அதனால் அது கடலைச் சேரும். கரையில் ஒரு விளக்கு எரிந்தால் அதையே கடலென்று எண்ணி அங்கே போய்விடும். ஆகையால் கடலைப் பார்த்த கடைசி வரிசையில் வாசல் விளக்குகளைக் குஞ்சு பொரிக்கும் காலத்தில் அணைக்கச் சொல்லி வீடுவீடாக ஏறி இறங்கினேன். இருட்டென்றால் அவர்களுக்குப் பயம். அலை வந்துபோன பிறகு அந்தப் பயத்தைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. அணைக்க மாட்டோம் என்றவர்களின் பல்புகளுக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கொடுத்தேன். வரிசையே செக்கச்செவேலென்று ஆனது. ராணி என்பவளின் கணவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டார்:

"போட்டோ கழுவுற ரூம்ல குடிவெச்சிட்டீங்களே டீச்சர், எங்க மூஞ்சிங்கள்ளாம் எப்ப கழுவி வரும்?"

குண்டு பல்பு

ராணியின் பக்கத்து வீட்டில் அஞ்சலாட்சி இருந்தாள். அணைக்கவும் இல்லை, தாளும் வாங்கவில்லை. வாசலில் ஒரு குண்டு பல்பு, அந்தி சாய்ந்தது முதல் விடியும் வரை, கடலைப் பார்த்து எரிந்தது. அவள் கணவர் அலை வந்த அன்று விடியற்காலையில் கட்டுமரத்தில் போனவர். கட்டுமரம் கரைக்கு வந்தது. அவர் வரவில்லை, உடலும் கிடைக்கவில்லை. அவள் குங்குமம் அழிக்கவில்லை, தாலி கழற்றவில்லை. வீடு ஒதுக்கியபோது, எல்லாரும் அஞ்சி விலகிய கடைசி வரிசையை அவள்தான் கேட்டு வாங்கினாள்.

நான் எனக்குத் தெரிந்த காரணங்களை வரிசைப்படுத்திச் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டாள். கணவரின் பெயரைச் சொல்லும் வழக்கம் அவளுக்கு இல்லை. 'அவுங்க' என்றால் அவளுக்கு உலகத்தில் ஒருவர்தான். நான் முடித்ததும் அவள் திருப்பிக் கேட்டாள்:

"பழைய வூடு இல்ல, பழைய தெரு இல்ல, நின்னுட்டிருந்த பூவரச மரம்கூட இல்ல; அவுங்க வந்தா எதப் பாத்து டீச்சர் வருவாங்க?"

குண்டான்

அந்தப் பங்குனியில் ஒரு விடியற்காலை நான் போய்ச் சேர்ந்தபோது, அஞ்சலாட்சி வாசலில் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தாள். உள்ளங்கைக்குள் அடங்கும் குஞ்சுகள். கோலமிட்ட இடத்திலும், அம்மிக்கடியிலும், சாக்கடை ஓரத்திலும். காக்கைகளை ஒரு கையால் விரட்டியபடி மற்றொரு கையால் அலுமினியக் குண்டானில் எடுத்துப் போட்டாள். சிலவற்றில் அசைவில்லை. அவற்றையும் போட்டாள். நீரோரம் வரை குண்டானை இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னால் நடந்தேன். உயிருள்ளவை அலையில் மறைந்த பிறகு, மிஞ்சியவற்றை ஈர மணலில் புதைத்துவிட்டுக் கைகழுவினாள். குண்டானை அலசியபடி சொன்னாள்:

"போவ வேண்டியதுங்க எல்லாம் எங்கிட்ட வருதுங்க, வர வேண்டியவங்க எங்க போயி நிக்கிறாங்களோ."

குழாயடி

அடுத்த தை. முதல் பேருந்தில் இறங்கிக் குழாயடியைக் கடந்துகொண்டிருந்தேன். வரிசையில் அஞ்சலாட்சி குடத்தோடு நின்றாள். அப்போது கடைசி வரிசையிலிருந்து ராணியின் குரல் வந்தது: "அஞ்சல! ஓடியா அஞ்சல! அவுங்க வந்துட்டாங்க! ஒன் வாசல்லயே வந்து நிக்கிறாங்க!"

குடம் நழுவியது. அவள் ஓடினாள். ஓடும்போதே முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். அவிழ்ந்த கொண்டையை முடிந்தாள். தூக்கிச் செருகியிருந்த புடவையை இறக்கி விட்டாள். என்ன நடந்துவிட்டதென்று குழாயடியில் இருந்தவர்களுக்கு அதற்குள் விளங்கிவிட்டது. ஆனால் கூப்பிட்டு நிறுத்த ஒருவருக்கும் வாய் வரவில்லை. எதைச் சொல்லி நிறுத்துவது? சொல்ல வேண்டிய சொல்லைத்தான் அந்தக் குடியிருப்பில் சொல்லக் கூடாதே. பின்னால் ஓடினோம்.

வாசற்படிக்கும் சுவருக்கும் இடையில் ஒரு தாய் ஆமை சிக்கியிருந்தது. முட்டையிட்டுத் திரும்பும்போது பல்பைக் கடலென்று எண்ணி வந்திருக்கிறது. அஞ்சலாட்சி அதைப் பார்த்தாள். பிறகு தெருவின் இரு பக்கமும் பார்த்தாள், வேறு எவரேனும் நிற்கிறார்களா என்று. ராணிக்கு அப்போதுதான் உறைத்தது, வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தக் குடியிருப்பில் அதுவரை எவரும் வீட்டு வாசலில் நின்று சொல்லாத சொல்லை அஞ்சலாட்சி சொன்னாள்:

"ஏண்டி, ஆமைன்னு வாயத் தொறந்து சொன்னா ஒனக்கு என்னாடி கொறஞ்சிபுடும்?"

இருட்டு

ஆண்கள் அதைச் சாக்கில் ஏந்திக்கொண்டுபோய் நீரோரத்தில் விட்டார்கள். அது தண்ணீருக்குள் போய்ச் சேரும்வரை அஞ்சலாட்சி நின்றாள். எல்லாரும் திரும்பிய பிறகு என்னிடம், இவை திரும்பி வருமா என்று கேட்டாள். இங்கே பொரித்துப் போகும் பெண் குஞ்சு, பிழைத்தால், பல ஆண்டுகள் கழித்துத் தாயாகி இந்தப் பக்கத்துக் கரைக்கே முட்டையிட வரும் என்றேன். விளக்கில்லாமலா என்றாள். விளக்கு இருந்தால்தான் வழி தப்பும் என்றேன்.

அன்று அந்தியில் கடைசி வரிசையைப் பார்த்தேன். அந்த வாசல் இருட்டாக இருந்தது. இருட்டுக்குள் படியில் அவள் உட்கார்ந்திருப்பது அருகில் போன பிறகே தெரிந்தது. நன்றி சொல்ல வாயெடுத்தேன், அவள் முந்திக்கொண்டாள்:

"ஒங்களுக்காவ இல்ல டீச்சர், அதுங்களுக்கே இருட்டுல வழி தெரியுதுன்னா, கடல்லயே பொறந்து வளந்தவங்க, அவுங்களுக்குத் தெரியாமயா பூடும்?"

தொலைபேசி

நிறுவனம் தன் பணியை முடித்துக்கொண்டு போய்விட்டது. நான் சிதம்பரத்துக்கே திரும்பி, மீண்டும் இலக்கணம் நடத்துகிறேன். கடலோசை கேட்காத தெருவில் இருக்கிறேன். விடியலில் பேருந்து ஏறிப் போகத் தேவையில்லாத காலைகள் இன்னும் எனக்குப் பழகவில்லை. குடியிருப்பின் பலகையை மேஸ்திரி ஏழுமலையே வந்து மாற்றிவிட்டுப் போனார். 'இங்கு ஆமைகள் வரும்' என்று இப்போது அதில் இருக்கிறது, சுண்ணாம்பு பூசுவாரில்லை. ஆமையை ஆமை என்றே சொல்ல வேண்டும் என்பது கடைசி வரிசையில் எவரும் எழுதிவைக்காத விதி. 'அவுங்க' என்னும் சொல்லை அதற்குச் செலவழிக்கக் கூடாது. அது ஒருவருக்காக எடுத்துவைக்கப்பட்டிருக்கிறது.

தை பிறந்தால், ஏதோ ஒரு விடியலில் என் கைப்பேசி ஒலிக்கும். அஞ்சலாட்சியின் பெயரைத் திரையில் பார்த்ததும், எழுந்து உட்கார்ந்து தலையை ஒதுக்கிக்கொண்ட பிறகே எடுக்கிறேன். பின்னணியில் அலை இரைய, ஆண்டு தவறாமல் அவள் சொல்வது இது:

"டீச்சர், ஆமை வந்துருச்சி."

அஃறிணை, ஒன்றன்பால், திருத்துவதற்கு ஒன்றுமில்லை. பிழை திருத்தியே காலந்தள்ளும் என் போன்றவள் ஒருமுறையேனும் அந்தத் தொலைபேசியில் கேட்டுவிட ஏங்குவதோ, 'அவுங்க வந்துட்டாங்க' என்னும் கொச்சை வாக்கியம் ஒன்றைத்தான்.