பின்வாசல் இல்லாத சாவடி

ஒரத்தநாடு சாலையில் போகிற யாருக்கும் அனீஸாவின் வீட்டைத் தெரியும். தெரியாமல் எப்படி இருக்கும்? அந்தக் காலத்தில் வண்டிக்காரர்களிடம் சுங்கம் வாங்கக் கட்டிய சாவடி அது. முகப்பு மூன்று பட்டையாக மடிந்து சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். பட்டைக்கு ஒரு ஜன்னல். எந்தத் திசையில் வண்டி வந்தாலும் கண்ணுக்குத் தப்பாது. வெளியே நிற்பவன் கண்ணுக்கு உள்ளே இருப்பவளும் தப்பமாட்டாள், அதை யார் யோசித்தார்கள்? இருக்கிற ஒரே வாசலும் சாலையைப் பார்த்துத்தான். வாங்கிய காசை ஆயக்காரன் கொல்லைப்பக்கமாகக் கடத்திவிடுவான் என்று பின்வாசலே வைக்கவில்லையாம். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைப் பெருமையாகச் சொல்வார் அவள் புருஷன் உபைதுல்லா.

பெருமை அவருக்கு. கக்கூஸும் குளியலறையும் கொல்லையில். வாளியைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கி, பஸ்ஸுக்கு நிற்கிற ஆம்பளைகளைத் தாண்டி, வீட்டைச் சுற்றிப் போக வேண்டியவள் அனீஸா. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து, மழையிலும் காய்ச்சலிலும், நிறைமாத வயிற்றோடும் அதே நடை. “பின்னாடி ஒரு கதவு வைங்களேன்” என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போனாள்.

“சுண்ணாம்புச் சுவரு புள்ள. ஒரு கல்லை உருவினா தளமே தலையில வந்துரும்” என்பார். ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் கேட்டாரா என்றால், அதுதான் இல்லை.

போன வாரம் அவர் மௌத்தாகிவிட்டார். புருஷனை இழந்தவளுக்கு இனி நாலு மாதத்துக்கு மேல் இத்தா. அந்நிய ஆண் கண்ணில் படாமல் அவள் வீட்டோடு இருக்க வேண்டும். சாலையில் இறங்காமல் கொல்லைக்கு எப்படிப் போவது?

“எங்க வீட்டுக்கு வந்துரு ராத்தா” என்றான் தம்பி சைபுல்லா.

“அவரு மௌத்தான வீட்டை விட்டு நான் வரமாட்டேன். முடிஞ்சா கதவை வை.”

மறுநாள் காலை கொத்தனார் வீரமணியைக் கூட்டி வந்தான். குறுக்கே ஒரு புடவையைக் கட்டி அதன் பின்னால் அனீஸா உட்கார்ந்துகொண்டாள். முதல் அடி விழுந்ததும் கண்ணை இறுக்க மூடிக் கலிமா சொன்னாள். இத்தனை வருஷம் கேட்ட பேச்சு, அவளும் நம்பித்தானே இருந்தாள்! காரை உதிர்ந்தது, கல் உருண்டது. தளத்திலிருந்து தூசிகூட விழவில்லை.

மதியம் லுஹர் பாங்குக்கு முன்னால் கொத்தனார் கையைக் கழுவிவிட்டார். “நிலை வச்சாச்சும்மா.”

“சுவரு விழுந்துராதுங்களா?” என்றாள் புடவைக்குப் பின்னாலிருந்து.

“எதுக்கும்மா விழணும்? மேல கருங்கல்லு குடுத்திருக்கேன்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அவர் போன பிறகு புதிய வாசலில் வந்து நின்றாள். குளியலறை எதிரிலேயே இருந்தது, கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போல. அப்படியே படியில் உட்கார்ந்து, அவர் போனதிலிருந்து அழாத அழுகையெல்லாம் அழுதாள்.

“மச்சானுக்கு துஆ செய் ராத்தா, அழாத” என்றான் சைபுல்லா.

“அவருக்காக அழலடா. அரை நாள் வேலைடா இது. நான் எதுக்குடா அப்படி நடந்தேன்?”