ஏழு மணிக்கு உடையும் படம்

செம்பூரில் ஒரு வளைகாப்பு வீட்டில் கேமராவோடு நின்றபோது செய்தி வந்தது. தாராவி முத்துப்பாண்டி அண்ணாச்சி மாரடைப்பில் போய்விட்டார். அவரோடு கல்யாண வீடியோ எடுத்த உங்கள் எல்லோரையும் போலத்தான் நானும் அன்று கேமராவை இறக்கி வைத்துவிட்டேன்.

அண்ணாச்சிக்கு ஒரே அறை வீடு. எடிட் செய்யும் கம்ப்யூட்டர்தான் அங்கே டிவியும். பின்னால் சேனல் பிடிக்கிற ஒரு சின்ன டியூனரைச் செருகி, மாடியில் ஆன்டெனா வைத்திருந்தார். அவர் மனைவி செல்லம் மதினி தையல் பட்டறையில் நாள் முழுக்க நின்றபடியே நூல் பிசிறு வெட்டிவிட்டு வந்து, ஏழு மணிக்கு ஒரு மராத்தி நாடகம் பார்ப்பார். அவருக்கென்று இருந்தது அந்த நேரம் மட்டும்தான்.

அப்போது பார்த்து படம் கட்டம் கட்டமாக உடையும். மழையைத் திட்டினோம், ஆன்டெனாவைத் திட்டினோம். அவர் மாடியில் நின்று திருப்ப, நான் கீழிருந்து "இன்னும் கொஞ்சம் அண்ணாச்சி!" என்று கத்தியதில் சந்தே சிரித்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி கம்ப்யூட்டர் பெட்டிக்குள்ளேயே இருந்தது. வீடியோ தயாராகும்போது கிராபிக்ஸ் கார்டு முழு மூச்சாக உழைக்கும். அப்போது கிளம்பும் மின் இரைச்சல், ஒட்டியிருந்த டியூனரைக் கெடுத்தது.

அன்று முதல் ஏழு மணியானால் அண்ணாச்சி வேலையை நிறுத்திவிட்டு மதினி பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார். வீடியோ எப்போது என்று போனில் கத்துகிறவர்களுக்கு ஒரே பதில்தான். "இப்ப ஓட்டினா படம் உடையும். நாடகம் முடியட்டும், பேசுதேன்."

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் லாமிங்டன் ரோடு முழுக்க அலைந்து நீளமான ஒயர் வாங்கி, டியூனரைத் தள்ளி ஜன்னல் கம்பியில் கட்டினேன். அவர் டீ வாங்கப் போனபோது வேலையை ஓட்டிப் பார்த்தேன். படம் துளிகூட உடையவில்லை. வந்தவர் வேலையை நிறுத்திவிட்டு வழக்கம்போல உட்கார்ந்தார்.

"அதான் சரியாயிட்டே அண்ணாச்சி!"

"உடையும் வே. நீரு சரியாப் பாக்கல."

எனக்குக் கோபமே வந்தது. என் அலைச்சலுக்கு இதுவா மரியாதை?

அண்ணாச்சியின் காரியம் முடிந்ததும், அவர் பாதியில் விட்ட வீடியோவை முடித்துக் கொடுக்கப் போனேன். வேலை ஓடிக்கொண்டிருந்தது. ஏழு மணிக்கு மதினி நாடகத்தைப் போட்டார். படம் பளிச்சென்று தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தார்.

"தம்பி, படம் உடையும். நிறுத்திட்டு இங்கன வந்து இருங்க."

நிறுத்தினேன்.

"ஒயரு சரியாத்தான் இருக்கு. அவுகளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்" என்றவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

என் வீட்டில் டிவி தனியாகச் சுவரில் இருக்கிறது. நான் எந்த வேலையை ஓட்டினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. ஆனாலும் இப்போதெல்லாம் என் மனைவி டிவி முன்னால் உட்கார்ந்ததும் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுகிறேன். ஏன் என்று கேட்டாள். "படம் உடையும்" என்றேன். அண்ணாச்சியிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பொய் ஒன்றைத்தான்.