வெங்கடசாமி வலமாகவே சுற்றுவார்

எங்கள் ஹெப்பகோடி ஆய்வுக்கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகக் கண்ணாடிக் குடுவை கழுவுகிறவர் வெங்கடசாமி. கிருமிகளை அவரளவுக்குக் கொன்றவர் இந்த ஊரிலேயே கிடையாது. அவரைப் போய் ஆண்டு விழா நாடகத்தில் கிருமியின் வாலாகப் போட்டேனே, என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

கிருமியின் உடம்பு, மேனேஜர் சீனிவாசராகவன். போர்வைக்குள் குனிந்து நிற்பார். அவர் இடுப்பில் நான்கு நைலான் கயிறு. ஒவ்வொரு கயிற்றின் மறுமுனையும் ஓர் ஆளின் இடுப்பில். கிருமியின் வால் மீன் வால் மாதிரி ஆடாது, மோட்டார் மாதிரி சுழலும். நால்வரும் தங்களைத் தாங்களே இடப்பக்கமாகச் சுற்றினால் கயிறுகள் முறுக்கிக்கொண்டு ஒரே வாலாகும். கிருமி நேராகச் சர்க்கரைத் தட்டுக்குப் போகும்.

"பேடா மேடம், வேணாம். என்னால எடமா சுத்த முடியாது" என்றார் வெங்கடசாமி.

அவர் மனைவி லட்சுமம்மாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். குரல் திரும்பும் என்றார் டாக்டர். திரும்பவில்லை. திட்டு வாங்காமல் மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஞ்சநேயருக்கு ஆயிரத்தெட்டு முறை தன்னைத்தானே வலமாகச் சுற்றுவதாக வேண்டிக்கொண்டு, ஆயிரத்து இரண்டு முடித்திருந்தார்; பாக்கி ஆறு. இடமாக ஒன்று சுற்றினால் அதில் ஒன்று கழிந்துவிடுமாம்.

"சாமி அப்படியெல்லாம் கணக்கு பார்க்காதுங்க!" என்று கத்தினேன். வேறு ஆளும் இல்லை. தலையாட்டிவிட்டுப் போனார்.

விழாவன்று குடும்பங்களெல்லாம் முன்வரிசையில் இருந்தன. மூன்று வால்கள் இடமாகச் சுற்றின. வெங்கடசாமி கண்ணை மூடி, கைகூப்பி, வலமாகச் சுற்றினார். நிஜக் கிருமிக்கும் ஒரு வால் எதிர்ப்பக்கம் சுழன்றால் போதும், முறுக்கு பிரிந்து கிருமி தடுமாறி வேறு திசைக்குத் திரும்பிவிடும். மேனேஜரும் அப்படியே குட்டிக்கரணம் போட்டுச் சிறப்பு விருந்தினர் மடியில் போய் விழுந்தார். அறிவியல்படி ஒரு பிழையும் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அப்போது முன்வரிசையிலிருந்து கரகரவென்று ஒரு குரல்.

"யோவ்! எல்லாரும் ஒரு பக்கம் சுத்தினா நீ மட்டும் ஏன்யா வேற பக்கம் சுத்துறே? புத்தி கித்தி இருக்குதா?"

லட்சுமம்மா எழுந்து நின்றிருந்தார். சொல்லிவிட்டுத் தன் தொண்டையைத் தானே தொட்டுப் பார்த்தார்.

வெங்கடசாமிக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. சுற்றுவதை மட்டும் நிறுத்தவில்லை.

"திட்டு லட்சுமி, நல்லா திட்டு" என்றார். "இன்னும் ரெண்டு சுத்து பாக்கி இருக்குது."