மாமா கடையின் இரண்டாவது தராசு

போன செவ்வாய்க்கிழமை காலேஜ் படிக்கட்டில் எசக்கி மயங்கி விழுந்தான். நான் தண்ணீர் தேடி ஓட, பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அரே, பூகம்ப் ஆயா!"

எல்லோரும் சிரித்தார்கள். பூகம்பமாம்!

எசக்கி என் வகுப்புத் தோழன். தாராவியில் பக்கத்துச் சந்து. கொஞ்சம் பூசினாற்போல இருப்பான்... அவ்வளவுதான். அதற்கே 'மோட்டா', அதாவது குண்டன் என்று பட்டப்பெயர். அவன் லிஃப்ட்டில் ஏறினால் இரண்டு பேர் பயந்த மாதிரி நடித்து இறங்குவார்கள். ஒரு மாதமாக அவன் டிபனைக் காலேஜ் பூனைதான் சாப்பிடுகிறது என்பது அன்றுதான் தெரிந்தது. பூனை உருண்டையாகிவிட்டது. அதை மட்டும் எல்லோரும் 'க்யூட்' என்கிறார்கள்!

"ஏம்ல பட்டினி கெடக்க?"

"எடை எறங்கவே மாட்டேங்குலே. மாமா டீக்குப் போற நேரமாப் பாத்து தெனமும் கடைத் தராசுல ஏறிப் பாக்கேன்."

எசக்கியின் மாமாவுக்குப் பங்கார் கடை. பழைய இரும்பு, பிளாஸ்டிக் வாங்கி மொத்த வியாபாரிக்கு விற்பவர். சாயங்காலம் எசக்கியைக் கைத்தாங்கலாக அங்கே கூட்டிப்போனேன். நேராக மூலையிலிருந்த தராசில் ஏறினான்.

"பாத்தியா? அப்படியே நிக்கு. ராத்திரியும் சாப்பிட மாட்டேன்."

மாமா வெலவெலத்துப் போனார். கடையில் வேறு ஆட்கள். நெளிந்தார். இருமினார். கடைசியில் எசக்கியின் காதருகே போய்க் கிசுகிசுத்தார்.

"ஏலே, எறங்குலே! அது விக்கிற தராசு. கொஞ்சம் தாராளமாக் காட்டும்."

"அப்ப ஒரு மாசமா ஏன் எறங்கல?"

"டெம்போ வாடகை ஏறிச்சுல்லா... நானும் கொஞ்சங் கொஞ்சமா ஏத்திக்கிட்டே வந்தேன்."

வாசலில் இருந்தது வாங்குகிற தராசு. அதில் ஏறினால் எசக்கி பள்ளிக்கூடப் பையன் எடை!

பாட்டில் மூட்டையோடு நின்ற அக்காவுக்குக் காது கூர்மை. "ஓஹோ! அப்ப என் மூட்டைய மூலைத் தராசுல வைங்க அண்ணாச்சி."

மாமா அவசரமாக எல்லோருக்கும் வடா பாவ் வாங்கினார். எசக்கி மட்டும் தொடவில்லை.

"என் நெசமான எடை எவ்ளோ மாமா?"

"அது இந்தக் கடைல யாருக்குலே தெரியும்?"

எசக்கி சிரித்துவிட்டான். சிரித்த வாயில் அப்படியே வடா பாவும் போனது.

ஆளை எடை போடுகிற இடத்திலெல்லாம் இரண்டு தராசு இருக்கும் போல. எங்கள் காலேஜிலும்தான் — பூனைக்கு ஒன்று, எசக்கிக்கு ஒன்று.

ஒரு வடா பாவில் பயம் போய்விடுமா? டாக்டரிடமும் போய்வந்தோம். இப்போது டிபனை எசக்கியே சாப்பிடுகிறான்.

பூனைதான் டயட்டில் இருக்கிறது.