கூடையில் விட்டுப்போன தொட்டில்

சித்தூரில் என்னைப் பெற்ற அத்தா வைத்த குழந்தைச் சாமான் கடையை இப்போது நான் நடத்துகிறேன். வெப்சைட் செய்து தந்தவர் ‘அபாண்டன்ட் கார்ட்’ என்று ஒன்றை விளக்கினார். பொருளைத் தேர்ந்தெடுத்துவிட்டு, வாங்காமல் விட்டுப்போன இணையக் கூடைக்கு அந்தப் பெயர். விட்டுப்போனவருக்கு, ‘மறந்துவிட்டீர்களா?’ என்று பொருளின் படத்தோடு தானாகவே செய்தி போய்க்கொண்டிருக்கும். நல்லதுதானே என்று நானும் சம்மதித்தேன்.

ஒருநாள் பக்கத்து ஊரான பெருமாட்டியிலிருந்து ஒருவர் போன் செய்தார்.

“ஏனுங்க, தொட்டில நாங்க மறக்கலைங்க. கொழந்தை பொறந்ததும் வாங்கலாம்னு என்ற சம்சாரம் எடுத்து வெச்சிருந்தா. கொழந்தை தங்கலைங்க. உங்க மெசேஜ் வர்றப்பல்லாம் அந்தப் படத்தையே பாத்துட்டு உக்காந்துக்கறா. அத நிறுத்திப்போடுங்க.”

கடைசியில், “தப்பா நெனைக்காதீங்க” என்று வேறு சொன்னார்.

பிள்ளை பிறக்கும் முன் தொட்டில் வாங்காத ஊர் இது. கடைக்கு வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களிடம், எப்போது வாங்குவீர்கள் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. வெப்சைட்டைக் கேட்க விட்டுவிட்டேன்.

அன்றே அதை நிறுத்தினேன். இப்போது தொட்டிலுக்கு எந்தச் செய்தியும் போவதில்லை. திரும்பி வராதவர்களிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவர்களுக்காக இறைவனிடம் துஆ மட்டும் கேட்கிறேன்.