வேட்டியை ஒளித்தவள்

குற்றாலத்தில் சீசனுக்கு வருகிறவர்கள் தங்கும் விடுதி ஒன்றில் ஆவுடையம்மாள் சமையல் செய்துகொண்டிருந்தாள். ஆறு வருஷத்துக்கு முன்பு அவள் நாடகக்காரி. கடையநல்லூர், பண்பொழி என்று கோயில் கொடை நடந்த ஊரிலெல்லாம் பபூன் நம்பிராஜனுக்கு ஜோடியாக மேடையேறியவள். பேசும் படம் வந்து நாடகத்துக்கு ஆள் கூடுவது நின்றதும் நம்பிராஜன் சென்னைக்கு ரயிலேறினான். இவள் கரண்டியைப் பிடித்தாள்.

1944, ஆனி மாதம். தென்காசி டூரிங் கொட்டகைக்கு ஒரு குடும்பச் சிரிப்புப் படம் வந்தது. கூட வேலை பார்த்த சுகிர்தம் கூப்பிட்டாள் என்று போனாள். பெண்கள் பக்கம் மணலில் இடம் பிடித்து உட்கார்ந்தார்கள். கதை வசனம் என்று நம்பிராஜன் பெயர் திரையில் வந்தபோது, பயல் பிழைத்துக்கொண்டானே என்று சந்தோஷம்கூடப் பட்டாள்.

அந்தச் சந்தோஷம் அரை மணி நேரம்தான் நிலைத்தது. 'எங்க அம்மை வைக்கிற ரசம் மாதிரி இல்லை' என்று தினமும் குறை சொல்லும் கணவன் குளிக்கப் போகிறான். மனைவி அவன் வேட்டியை ஒளித்துவைக்கிறாள். அது ஆவுடையம்மாளின் காட்சி. ஒரு கொடையில் நம்பிராஜன் வசனம் மறந்து முழித்தபோது, சமாளிப்பதற்காக அவளாக உண்டாக்கியது.

கொட்டகை குலுங்கியது. திரையில் அதைச் செய்தவள் இருபது வயதுப் பெண். வேட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, ஒன்றும் அறியாதவள்போல இடது புருவத்தை மட்டும் மெல்லத் தூக்கினாள். நூறு மேடையில் செய்தும் ஆவுடையம்மாளுக்குத் தோன்றாத புருவம் அது. திருட்டைக்கூடப் பொறுத்திருப்பாள், அந்தப் புருவத்தைப் பொறுக்க முடியவில்லை. ஈர விறகுபோல உள்ளே புகைந்தது.

கடைசியில் மனைவி கணவன் காலில் விழுந்து, புத்தி வந்ததென்று பாடினாள். மாமியார் மன்னித்தாள். எல்லோரும் வரிசையாக நின்று சிரிக்கப் படம் முடிந்தது.

"கால்ல விழுதா. அதையும் பாத்துச் சிரிச்சிட்டு வாரியேட்டி" என்றாள் ஆவுடையம்மாள், திரும்பி வரும்போது.

சுகிர்தத்தின் புருஷன் பட்டாளத்தில் இருந்தான். "அவுககிட்டேயிருந்து காயிதம் வந்து மூணு மாசம் ஆச்சுக்கா. இந்தப் படத்துல யாரும் சாகல, யாரும் காணாமப் போகல. ரெண்டு மணி நேரம் நான் அதை நெனைக்கவே இல்ல. எனக்கு அது போதும்."

ஆவுடையம்மாள் மறுநாளும் போனாள். மூன்றாம் நாள், கடைசி ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது, பக்கத்துப் பெண்களிடம் திரும்பினாள்.

"இதுக்கு முடிவு வேற, தெரியுமா?"

முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "உங்க அம்மை ரசத்த நீரே வச்சுக் காட்டும். பொறவு வேட்டி தாரேன்" என்று மனைவியாகச் சொன்னாள். ஈரத்துண்டோடு நடுங்கிக்கொண்டு அடுப்பூதும் கணவனாகவும் அவளே ஆனாள். வைத்த ரசத்தைக் குடித்து, முகம் கோணலாகி, "ஆமா, எங்க அம்மை ரசம் இதேதான்" என்றாள்.

பெண்கள் சிரித்த சிரிப்பில் ஆண்கள் தடுப்புக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள். விளக்கு அணைந்து படம் ஓடியது. மனைவி காலில் விழுந்தபோது, "இவ எதுக்கு விழுதா? அவன ரசம் வைக்கச் சொல்ல வேண்டியதுதான" என்று ஒருத்தி இருட்டில் உரக்கக் கேட்டாள்.

படம் விட்டதும் வாசலில் கொட்டகை மேனேஜர் வல்லிநாயகம் மறித்தார். "நீ படம் பாக்க வாரியா, படம் காட்ட வாரியா?"

"ரெண்டுக்குந்தான் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

"இன்னைக்கு நீங்கதான் ஜெயிச்சிய. இப்பவாது மனசு ஆறிச்சா?" என்று கேட்டாள் கூட வந்திருந்த சுகிர்தம்.

"எங்கட்டி ஆறுது. அந்தப் புருவக்காரி நல்லா நடிக்காளே."

நாலாம் நாளும் போனாள். இன்றும் ஏதாவது செய்வாள் என்று பெண்கள் அவள் முகத்தையே பார்த்தார்கள். அவளோ வேட்டிக் காட்சி வந்ததும் முன்னால் நகர்ந்து நகர்ந்து, திரைக்கு அடியில் போய் உட்கார்ந்து அந்தப் புருவத்தையே அண்ணாந்து பார்த்தாள். படப்பெட்டி செங்கோட்டைக்குப் போகும்வரை ஒருநாளும் தவறவில்லை.